அக்கரையிலிருந்து வரும் பதில்

அதத் தொடாத தம்பி. கம்பியில கரண்டு ஓடுது. ஓநாய்க்காகப் போட்டதுதான், ஆனா ஓநாய் எது, ஓநாயக் காட்டிப் பொழைக்கறவன் எவன்னு பிரிச்சுப் பாக்கற புத்தி கம்பிக்குக் கிடையாது. கதவு அந்தக் கொட்டகை ஓரமா இருக்கு. உள்ள வந்துட்டுச் சாத்து. சாத்திட்டேன்னு வாயால சொல்லாத, கொக்கி விழுந்துச்சான்னு கண்ணால பாரு. ம். இப்ப சொல்லு.

மெல்கர்தானே உன் பேரு? தெரியும். ரெண்டு கோடையா உன் வேன் என் ஜன்னலுக்கு முன்னாடிதான் போகுது. பக்கவாட்டுல ஓநாய்க் கண்ணு ஒண்ணு பெருசா வரஞ்சு வெச்சிருக்க. தூசி படிஞ்சு அதுக்குப் புரை விழுந்த மாதிரி இருக்கு, தொடச்சு விடு.

இல்ல, காப்பி கிடையாது. இருக்கு, அடுப்புலதான் கொதிக்குது, வாசன உனக்கும் வந்திருக்கும். உனக்குக் கிடையாதுன்னு சொல்றேன். இந்தக் காட்டுப் பக்கத்துல வாசலுக்கு வந்தவனுக்குக் காப்பி குடுக்கலன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்க யோத்தபோரிப் பட்டணத்துலயும் சொல்லிக் குடுத்திருப்பாங்க. குடுத்தாங்களா? நல்லது, ஒரு விஷயமாவது படிச்சுட்டு வந்திருக்க.

இதுவா? இது காப்பி இல்ல. தோட்டத்துப் பழச்சாறு, சூடு பண்ணித் தேன் விட்டது. தொண்ட கட்டிக்கிச்சு. முந்தாநேத்தும் நேத்தும் இந்தக் கரகரப்புகூட வரல. ஓவேக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, கைய ஆட்டித்தான் சோறு போட்டேன். மனுஷன் நாப்பது வருஷத்துல இவ்வளவு நிம்மதியா இருந்து நான் பாத்ததில்ல. இன்னைக்குத்தான் குரல் திரும்புது. திரும்பின குரல மொதமொதல்ல உனக்குச் செலவழிக்கணும்னு இருக்கு. சுருக்கமாச் சொல்லு.

கூடாரத்த மாத்தணுமா. ஏரிக்கரைய விட்டுட்டு பெரிய சதுப்புக்கு அந்தப் பக்கம், எங்க மேல்புல்வெளி ஓரமா. இன்னைக்கேவா. ஏன், ஏரி என்ன பண்ணிச்சு உன்ன?

அக்கரையிலேர்ந்து பதில் வரலையா.

இரு, நான் புரிஞ்சுக்கறேன். சாயங்காலம் நீ உன் விருந்தாளிங்களக் கரையில உக்கார வெச்சு, கைய வாய்க்கு ரெண்டு பக்கமும் குவிச்சு ஊளையிடுவ. கொஞ்ச நேரத்துல அக்கரை மேட்டுலேர்ந்து ஓநாய் பதில் ஊளையிடும். அதக் கேக்கறதுக்குத்தான் அவங்க ஹாலந்துலேர்ந்தும் ஜெர்மனிலேர்ந்தும் வந்து, தரையில படுத்து, கொசுவுக்கு ரத்தம் குடுத்து, குழி தோண்டி ஒதுங்கிட்டுப் போறாங்க. இப்ப ரெண்டு நாளா அக்கரை வாயத் தொறக்கல. அதனால ஓநாய் எடம் மாறிப் போச்சு, அதனால நீயும் மாறணும். நல்லா இருக்கு உன் நியாயம். பேசலன்னா ஆளே இல்ல. ஓவேவும் இந்த ரெண்டு நாளா அப்படித்தான் நெனச்சுட்டிருந்தாரு.

என்ன பேரு வெச்சிருக்க அதுக்கு? மூதாட்டியா?

போன கோடையில கேட்ட குரல் வேற, இந்தக் கோடையில இது புதுக் குரல். சரி. பொட்டை. சரி. வயசானது. அது எப்படித் தெரியும்? கடைசியில குரல் ஒடயுது, நெஞ்சுல மூச்சு பத்தல, கோரப்பல்லு தேஞ்சிருக்கும், கூட்டத்த விட்டு ஒதுங்கி வாழற கெழம். பல்லு வரைக்கும் காதாலயே பாத்துட்ட. இதெல்லாம் விருந்தாளிங்ககிட்டயும் சொல்றியா? டாக்டரம்மா ஒருத்தங்க அதக் கேட்டு அழுதுட்டாங்களா? பாவம். நான் சிரிக்கல. இருமல்.

கொஞ்சம் இரு, அந்தக் கறுப்பு ஆடு குட்டிய இழுத்துக்கிட்டுப் பள்ளத்துப் பக்கம் போகுது. கூப்பிட்டுக்கறேன்.

என்ன, காதப் பொத்திக்கற? பேயறைஞ்சாப்பல முழிக்காத. இது கால்நடையக் கூப்பிடற குரல். எங்க பக்கத்துப் பொம்பளைங்க மாட்டக் காட்டுலேர்ந்து வீட்டுக்கு அழைக்கறது இப்படித்தான், வயித்துலேர்ந்து எடுத்து உச்சந்தலையால விடணும். பாரு, திரும்பிட்டுது. ஆட்டுக்கு இருக்கற பணிவு உனக்கும் இருந்தா இந்நேரம் நீயும் வேன்ல ஏறியிருப்ப.

சரி, பையில என்ன வெச்சுத் தடவிக்கிட்டே இருக்க? காட்டு.

பாரிஸ் சாந்துல எடுத்த கால் தடம். எங்க கெடச்சுது? சதுப்பு ரோட்டு மணல்லயா. யாரு பாத்தது, அந்த ஹாலந்துப் பொண்ணா. ம். ஓநாய்தான். இல்லன்னு சொல்லல. நேத்துக் காலையிலதான் நடந்திருக்கு, ஓரம் இன்னும் கூர்மையா இருக்கு. வேற யார்கிட்ட காட்டுன?

போட்டோவா. போன குடு.

இத அந்தப் பொண்ணு இன்னும் எங்கயும் போடலையே? இங்க சிக்னல் கிடையாது, அதனால போடல. கடவுள் சில நேரம் கோபுரம் கட்டாம விட்டும் காப்பாத்துறாரு. இங்க பாரு. தடத்துக்கு மேல, மரத்துக்கு நடுவுல, செவப்பும் வெள்ளையுமா ஒரு கம்பி நுனி தெரியுது. அது தெற்குக் குன்னுல இருக்கற ரேடியோ கம்பம். உனக்கு அது கம்பம். எங்க வேட்டைக் குழுவுல இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் அது வெலாசம். இந்தப் போட்டோவ ஹில்டிங் பாத்தான்னா, காப்பி ஆர்றதுக்குள்ள எந்த வளைவு, எந்தப் பாறைன்னு சொல்லிடுவான். ஹில்டிங் யாரா? என் தங்கச்சி புருஷன், வேட்டைக் குழுத் தலைவன். நல்லவன்தான். ஞாயித்துக்கிழம கோயில்ல ஆர்கன் வாசிக்கறான். ஓநாய்ப் பேச்சு எடுத்தா மட்டும் அவன் வாயில மூணே வார்த்த: சுடு, பொதை, வாய மூடு.

ஆமா, சட்டவிரோதம்தான். உன் வேன் கண்ணாடியில ஒட்டியிருக்கியே, ஓநாயக் கொல்லாதீர்னு, அதப் படிச்சுட்டு அவன் மனந்திரும்புவான்னு நெனைக்கிறியா?

எனக்கும் சட்டம் தெரியும் தம்பி, நீ சொல்லித் தர வேண்டாம். காடு எல்லாருக்கும் பொது. எவன் நெலமா இருந்தாலும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், கூடாரம் போட்டுத் தூங்கிட்டுப் போகலாம். நான் வேண்டாம்னு சொன்னாலும் நீ போகலாம். அப்ப எதுக்கு வந்து கேக்கற? மரியாதைக்கா? மரியாதைக்குக் கேக்கறவன், வேண்டாம்னு பதில் வந்தா அதையும் மரியாதையாக் கேட்டுக்கணும். சரின்னு சொன்னா மட்டும் காதுல விழற மரியாதைக்கு வேற பேரு.

சொல்றேன் கேளு. குளிர்காலத்துல ஒருத்தி தனியா ஒரு வீட்ல இருக்கா. அவளுக்கு ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்க. ஒருத்தனுக்கு அவளப் புடிக்காது. அவ வீட்டு வழிய மிதிக்க மாட்டான், பாத்தாத் துப்புவான். இன்னொருத்தனுக்கு அவமேல உசுரு. விடிஞ்சா வந்து கதவத் தொறந்து, நல்லா இருக்கியான்னு கேப்பான். மத்தியானம் தொறந்து, இன்னும் நல்லா இருக்கியான்னு கேப்பான். கூட ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்து, இவதான் அவ, எவ்வளவு அழகா இருக்கா பாருங்கன்னு கதவத் தொறந்து பிடிச்சுக்கிட்டு நிப்பான். வீட்ல இருந்த சூடெல்லாம் அந்தக் கதவு வழியாத்தான் போச்சு. மாசிப் பனியில அவ வெறச்சுச் செத்தா. யாரு கொன்னதுன்னு ஊரு கேட்டா, துப்பினவனத்தான் கைய காட்டும். நேசிச்சவன் சவப்பெட்டிக்கு முன்னாடி நின்னு தேம்பித் தேம்பி அழுவான். உண்மையாவே அழுவான், அதுதான் கொடும.

உன்னச் சொல்லல. உன்னத்தான் சொல்றேன்.

நேசிக்கறேன்னு சொல்ற. நேசிக்கறவனுக்கு மொத பாடம் என்ன தெரியுமா? ஒதுங்கி நிக்கறது. பக்கத்துல போயித் தொட்டுப் பாத்து மோந்து பாத்து, அது பேண்டத குப்பியில அடச்சு எடுத்துட்டுப் போறது நேசம் இல்ல, பசி. வயித்துப் பசியாவது சாப்பிட்டா அடங்கும்.

இரு, கோவப்படாத, இன்னொண்ணும் கேட்டுட்டுப் போ. வசந்தத்துல அந்தப் பெரிய கறுப்புக் காட்டுச் சேவல் பைன் மரத்து மேல நின்னு பொட்டைக்காகப் பாடும், பாத்திருப்ப. விருந்தாளிங்களக் கூட்டிட்டுப் போயிக் காட்டியும் இருப்ப. அது பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அதுக்குக் காது அடச்சுக்கும். அந்த ஒரு மூச்சு நேரம் துப்பாக்கி வெடிச்சாலும் கேக்காது. எங்க ஆளுங்க அத வெச்சுத்தான் நடப்பாங்க. அது உச்சத்துல பாடினா ரெண்டடி, நிறுத்தினா செல மாதிரி நிக்கணும். மறுபடி பாடினா மறுபடி ரெண்டடி. இப்படியே மரத்தடி வரைக்கும் வந்துடுவான். அந்தச் சேவல எதிரி கொல்றான்னு நாம சொல்றோம். அதோட சொந்தப் பாட்டுதான் எதிரிக்கு வழிவிடுது. நீ காட்டப் பத்திப் பாடிக்கிட்டே இருக்க, மெல்கர். உனக்குப் பின்னால யாரு ரெண்டு ரெண்டு அடியா நடந்து வராங்கன்னு உன் காதுல விழல.

நானா? நான் ஓநாய நேசிக்கறவ இல்ல. அதுல உனக்குச் சந்தேகமே வேண்டாம். இந்த ஊர்ல என்ன மாதிரி அதுமேல வன்மம் வெச்சவ இருக்க மாட்டா. சுவத்துல தொங்குதே கழுத்துப்பட்டை, ஜன்னல் வழியாவே தெரியும் பாரு, அது துஸ்ஸாவோடது. வேட்டை நாய். ஒரு பெரிய மான எதிர்த்து நின்னுச்சுன்னா, நான் போயிச் சேர்ற வரைக்கும் அத அங்கயே நிக்க வெக்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அக்டோபர் வேட்டையில அவுத்து விட்டேன். கொரச்சுக்கிட்டே போச்சு, அப்புறம் கொரைக்கல. பட்டையில இருந்த கருவி அது எங்க இருக்குன்னு காட்டற புள்ளி மட்டும் என் கையில இருந்த திரையில ஒரே எடத்துல நின்னு மினுக்குச்சு. நான் போனப்ப அந்த ஓநாய் அங்கதான் நின்னுச்சு, என்ன நேராப் பாத்துச்சு. பொட்டை. எடது காதுல பாதியக் காணோம், ரத்தம் கண்ணுல வழியுது. துஸ்ஸா சும்மா சாகல. மிச்சத்த என் கோட்டுல சுத்தித் தூக்கிட்டு வந்தேன். அந்தக் கோட்டு இன்னும் தொவைக்கல.

வருத்தமா? உன் வருத்தத்த நீயே வெச்சுக்கோ. நாய அவுத்து விட்டது நான், காடு அவளோடது. ரெண்டு பேரும் நேருக்கு நேரா நின்னாங்க. என் பக்கம் தோத்துச்சு. அதுக்காக அவள நான் மன்னிக்கவும் இல்ல, மன்னிக்கப் போறதும் இல்ல. இந்தக் கம்பியத் தாண்டி என் ஆட்டு மேல வாய வெச்சான்னா, சட்டம் என்ன விடும், நான் அவள விடமாட்டேன். துப்பாக்கி கதவுக்குப் பின்னால பூட்டுல இருக்கு. இத அவளும் தெரிஞ்சு வெச்சிருக்கான்னுதான் நெனைக்கிறேன். பகைன்னா அப்படி இருக்கணும். அதுக்கு ஒரு எல்லையும் ஒரு வாசலும் உண்டு. உன் அன்புக்கு அது ரெண்டும் இல்ல.

அவ எங்கன்னு எனக்கு எப்படித் தெரியுமா? நான் தெரியும்னு சொன்னேனா?

சொல்லித்தான் ஆகணும்போல இருக்கு. சொல்ல எனக்கு ஆசையில்ல. கெஞ்சிப் பாத்தா நீ கேக்கற ஆளில்ல, திட்டினாலும் கேக்கல, கதை சொன்னா தலையாட்டிட்டு விருந்தாளிங்கள எத்தன மணிக்குக் கூட்டிட்டுப் போகட்டும்னு கேக்கற. உக்காரு. அந்தக் கட்டையில இல்ல, அது ஆடு சொரியற கட்டை.

மே மாசம், ஆடுகள மொதமொத மேய வெளிய விட்ட வாரம், ஒண்ணு காணாமப் போச்சு. கயித்தோட தேடிக்கிட்டு சதுப்பத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். எந்த எடம்னு சொல்லமாட்டேன். அந்தக் கம்பம் தெரியற எடம், அது போதும் உனக்கு. மண்ணு புதுசாத் தோண்டிக் கெடந்துச்சு. அவ வெளிய வந்தா. வயித்துல முடி கொட்டி, மடி ஈரமா, பால் சொட்டுது. எடது காது பாதிதான். உள்ள பூனக்குட்டி மாதிரி ஒரு முனகல். அவ ஓடல. நானும் ஓடல. எவ்வளவு நேரம்னு தெரியாது, கொசு என் மூஞ்சியத் தின்னுது, நான் கையத் தூக்கல. அப்புறம் நான் பின்னாலயே நடந்து வந்தேன், முதுகு காட்டாம. பயத்துனாலதான். மரியாதையும் கொஞ்சம் அப்படித்தான் நடக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சுவத்துல இருக்கற பழைய கம்பி டெலிபோன கையில எடுத்தேன். ஹில்டிங்குக்கு ஒரு வார்த்த போதும். துஸ்ஸா கணக்கு அன்னைக்கே தீந்துடும். எடுத்தத அப்படியே கீழ வெச்சேன். ஏன்னு கேக்காத, பெரிய மனசுன்னு நெனச்சுடாத. வெளியில நின்னு என் நாயோட மோதினவ வேற. குட்டிக்கு மடி குடுத்துக்கிட்டுக் குழிக்குள்ள கெடக்கறவ வேற. மொதலாமவள நான் பகைச்சுக்கலாம். ரெண்டாமவள வீடு புகுந்து கொன்னா எனக்கும் அவளுக்கும் இருக்கற பகைகூட அசிங்கமாயிடும். மனுஷனுக்குப் பகை வரலாம் தம்பி, வராம இருக்காது. அதக் கழுவிச் சுத்தமா வெச்சுக்கணும், பாத்திரம் மாதிரி.

இப்ப நீ உன் கூட்டத்த அங்க கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்? ஒண்ணு, அவ வாசம் புடிச்சு, குட்டிகள ஒவ்வொண்ணாக் கவ்விக்கிட்டுச் சதுப்பத் தாண்டுவா. பாதிக் குட்டி வழியிலயே செத்துப் போயிடும். இல்லன்னா அந்த ஹாலந்துப் பொண்ணு ஊருக்குப் போயி, சிக்னல் வந்ததும், அழகா ஒரு படம் போடும். மேல கம்பம் தெரியும். அடுத்த ஞாயித்துக்கிழம கோயில்ல ஆர்கன் வாசிக்க ஆள் இருக்காது. அவ்வளவுதான்.

படத்த அழிக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத. ஓநாயோட பாதுகாப்புக்குன்னு சொல்லு, அழிப்பாங்க, நல்லவங்கதானே. சாந்துத் தடத்த இங்கயே வெச்சுட்டுப் போ.

என்ன யோசிக்கற? புரியலையா? மூதாட்டி மேட்டுலதானே இருக்கா, அங்கேர்ந்துதானே பதில் வந்துச்சு, அப்ப சதுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கறது யாருன்னா? மேட்டுல ஓநாய் கிடையாது. பனி உருகினதுலேர்ந்து கிடையாது, எல்லாம் சதுப்பு தாண்டிடுச்சு. மேட்டுல நரிகூட நிக்காது, அவ்வளவு காத்து.

அப்ப யாருன்னு கேக்கற.

நல்ல கேள்வி. மே மாசமே கேட்டிருக்கணும். உன் வேன் வந்து எறங்கின மொத வாரமே நீ பதில் வராம அலைய ஆரம்பிச்ச, ஒவ்வொரு நாளும் சதுப்புப் பக்கமா ஒரு கல்லு தூரம் நகந்துக்கிட்டே போன. பதில் வந்துச்சுன்னா ஒரே எடத்துல உக்காருவன்னு தெரியும். உக்காந்த.

அதனால நீ கூடாரத்த மாத்த வேண்டாம். இன்னைக்கும் அதே கரை, அதே கல்லு. ஆனா வழக்கத்த விடக் கொஞ்சம் முன்னாடியே ஊளையிடு. வலை பாக்கப் போறேன்னு சொல்லித்தான் நான் அக்கரைக்குப் படக எடுக்கறேன். தெனமும் போயிட்டு ஒரு மீன்கூட இல்லாம ஏன் வர்றன்னு ஓவே கேக்க ஆரம்பிச்சுட்டாரு. வர்ற வழியில நாலு மீனாவது புடிச்சாகணும். தொண்டயப் பத்திக் கவலப்படாத, இப்பத்தான் நீயே காதப் பொத்திக்கிட்டுக் கேட்டியே.

வெளியில சொல்லுவியா? சொல்லு. நீ குழியப் பத்தி வாயத் தொறந்தா, நான் அந்த டாக்டரம்மாகிட்ட அவங்க எதுக்கு அழுதாங்கன்னு சொல்லுவேன். அவங்கள நெனச்சாத்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கு.

கெளம்பு. கொக்கி விழுந்துச்சான்னு பாத்துட்டுப் போ. அப்புறம், அந்தப் பேர மாத்து. பல்லெல்லாம் அப்படியே இருக்கு, வயசு அறுபத்தொண்ணுதான் ஆகுது.